மீதி முப்பத்தேழு நாட்கள்

உ
சிவமயம்

அம்மையை இடப்பாகத்தில் இருத்திய அப்பனே, நாற்பத்தாறு ஆண்டுகள் உன் முன் நின்று பாடினேன், நீ கேட்டிருந்தாய். இந்த ஏட்டில் நான் எழுதப் போவதையும் நீயே கேட்பாயாக. எழுதும் கை பொய்க்குத் துணை போகாதிருக்கக் காப்பாயாக.

ஆடி 5

நியமம் ஒன்றைத் தொடங்குபவன் அதை நாள்தோறும் எழுதிவர வேண்டும் என்பது என் தந்தையார் வகுத்த முறை. ஆகவே இந்தப் புதிய குறிப்பேடு.

நான் மாசிலாமணி தேசிகர். அகவை எழுபத்தொன்று. இவ்வூர்ச் சிவன் கோயிலில் மூன்று காலமும் பதிகம் ஓதுவது என் பணி.

சித்திரை முதலே இடப்பக்க மார்புக் காம்பில் அரிப்பும் பொருக்கும். சந்நிதியில் மேலாடை இன்றி நிற்பவனுக்கு உருத்திராக்க மாலை அங்கேதான் உராய்கிறது. மாலையை ஒரு விரற்கடை உயர்த்திக் கட்டிப் பார்த்தேன், குறையவில்லை. கடைத்தெரு மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைத் தடவினேன். சில நாள் ஆறும், பிறகு மீண்டும் பொருக்கு விடும்.

இன்று முதல் நாற்பத்தெட்டு நாட்கள், ஒரு மண்டலம், பிணி தீர்க்கும் பதிகத்தைக் காலையில் பதினொரு முறை ஓதி அவ்விடத்தில் திருநீறு பூசுவதென்று நியமம் கொண்டேன்.

மாலையில் கிணற்று மோட்டார் பழுது. ஆள் நாளை வருவான்.

ஆடி 19

பதினைந்தாம் நாள். தங்கை உலகம்மையின் திதி. அவள் மறைந்து முப்பத்தாறு ஆண்டுகள். இருபத்தைந்து வயதில் கணவனை இழந்து எங்களோடு வந்திருந்தவள், முப்பத்திரண்டில் போனாள். குடும்பத் திதி ஏட்டில் அவள் பெயருக்கு நேரே நான் எழுதிய வரி: “குடல் நோய்.”

எள்ளும் நீரும் இறைத்துத் திரும்பியபோது தோளில் கிடந்த துண்டில் கடுகளவு சிவப்பு. குங்குமமாக இருக்கலாம்.

துண்டை நானே துவைத்துப் போட்டேன்.

ஆவணி 2

அது குங்குமம் அல்ல.

ஆவணி 21

நாற்பத்தெட்டாம் நாள். நியமம் நிறைவுற்றது. பொங்கல் நிவேதனம் செய்தேன்.

பொருக்கு விலகிய இடம் பச்சைப் புண்ணாக இருக்கிறது. காம்பு உள்ளே இழுபட்டிருக்கிறது. அதன் பின்னே சுண்டைக்காய் அளவில் கட்டியாக ஒன்று விரலில் தட்டுகிறது. வலி இல்லை. வலி இல்லாதது நல்ல குறி என்றே எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி வடிவம்மாள் துவைக்கிற கல்லருகே என் வேட்டியையும் துண்டையும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏங்க, இது என்ன கறை? எத்தன நாளா இப்படி இருக்கு?”

“மாலை உராய்வு.”

“மாலை உராஞ்சா ரத்தமா வடியும்? ஆஸ்பத்திரிக்கு வாரியளா இல்லியா? உலகம்மைக்கும் இப்படித்தான...”

எனக்கு மோர் வேண்டும் என்றேன். அவள் மோர் கொண்டுவந்து வைத்தாள். 

ஆவணி 28

திருநெல்வேலி. மார்பக நோய்ப் பிரிவின் வாசலில் நாற்பது நாற்காலிகள், இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். டோக்கன் கொடுப்பவர் வடிவைப் பார்த்து, “நீங்க உள்ள வாங்கம்மா. பெரியவரே, கூட வந்தவங்க எல்லாம் அந்த வேப்பமரத்தடியில இருக்கணும்” என்றார்.

“நோயாளி அவுகதான். நான்தான் கூட வந்தவ” என்றாள் வடிவு, கூடத்துக்கே கேட்கும்படி.

பக்கத்து நாற்காலியில் இருந்த மொட்டைத் தலை அம்மாள் என்னைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டார். “உக்காருங்க அண்ணாச்சி. இந்த நோய்க்கு ஆம்பளை பொம்பளை எல்லாம் தெரியாது” என்றார். அவர் தலையில் வெயில் படாமலிருக்கச் சுற்றியிருந்த துணி மஞ்சள் நிறம். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் எடுக்கும் எந்திரத்தில் இரு தட்டுகளுக்கு இடையே என் மார்பைப் பிதுக்கி வைத்தார்கள். இறைவனுக்கு மட்டும் திறந்து நின்ற மார்பு என்று ஒரு கர்வம் எனக்கு இருந்திருக்கிறது. இன்றுதான் அது தெரிந்தது.

மருத்துவர் பெயர் ஷமீமா. என் மகள் வயது இருக்கும். புண்ணைப் பார்த்ததும் முகத்தில் ஏதும் காட்டாமல் அக்குளைத் தடவிப் பார்த்தார். தோலில் ஒரு துணுக்கும் கட்டியில் ஊசி விட்டு ஒரு துணுக்கும் எடுக்க வேண்டும் என்றார். பிறகு படிவத்தை எடுத்தார்.

“ஐயா, உங்க குடும்பத்துல யாருக்காவது மார்புல புத்து இருந்திருக்கா? அம்மா, அக்கா தங்கச்சி, அத்தை, யாருக்காவது?”

“இல்லை.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல.”

“இல்லை அம்மா. யாருக்கும் இல்லை.”

வடிவு தன் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

புரட்டாசி 6

முடிவு வந்தது. புற்றுதான். காம்பின் தோலில் படர்ந்திருப்பதற்குப் பேஜெட் நோய் என்று பெயராம். உள்ளே இருக்கும் கட்டியின் வெளிமுகம் அது.

டாக்டர் ஷமீமா பொறுமையாக விளக்கினார். ஆண் மார்பிலும் அந்தத் திசு கொஞ்சம் உண்டு. மார்பகப் புற்று கண்ட நூறு பேரில் ஒருவர் ஆண். அந்த ஆண்களிலும் இந்த வகை மிக அரிது.

“இது தோல் வியாதி மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு வரும் ஐயா. களிம்பு போட்டா கொஞ்சம் அடங்கினாப்ல காட்டும். உள்ள அதுபாட்டுக்கு வளரும். அரிப்பு ஆரம்பிச்சு எத்தன மாசம்?”

“சித்திரையில் தொடங்கியது.”

“ஆறு மாசம். நடுவுல என்ன பண்ணீங்க?”

பதிகம் ஓதினேன் என்று சொல்ல நா எழவில்லை. “உரிய நியமங்களைச் செய்தேன்” என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

புரட்டாசி 8

சபேச குருக்களிடம் மட்டும் விடுப்புக்காக உண்மையைச் சொன்னேன், இடப்பக்க மார்பையே எடுக்கப் போகிறார்கள் என்பதையும். நான்கு தலைமுறையாக இச்சந்நிதியில் பூசை செய்யும் வீடு அவருடையது. தேற்ற எண்ணி, “இடப்பக்கம்னா அம்பாள் பக்கம் ஓய். அவளே கேட்டு எடுத்துக்கறா” என்றார்.

நாற்பத்தாறு ஆண்டுகளாக அம்மையப்பனான அந்தத் திருவுருவைப் பாடியவன் நான். இன்று அந்தச் சொல் வெறும் ஓசையாகக் காதில் விழுந்தது. வணங்கிவிட்டு வந்தேன். உறுப்புக் குறைந்தவன் சந்நிதியில் நின்று ஓதலாமா என்று அவரிடம் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை.

புரட்டாசி 12

மகள் மங்கையர்க்கரசி தென்காசியில் ஆசிரியை. அவளுக்கு என்ன சொல்வது என்று வடிவு கேட்டாள். தோலில் சிறு கட்டி வந்தது, பதிகத்தால் பெரும்பாலும் அடங்கிவிட்டது, மிச்சத்தை டாக்டர் கீறி எடுக்கிறார் என்று சொல்லச் சொன்னேன்.

“பெத்த பிள்ளைட்ட எதுக்குங்க பொய்?”

“அவள் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். இந்தச் சமயத்தில் நம் வீட்டில் இப்படி ஒரு நோய் என்று வெளியே தெரிய வேண்டாம்.”

“இதையேதான் அன்னைக்கு மாமாவும் சொன்னாக” என்றாள் வடிவு. பிறகு தொலைபேசியை எடுத்து நான் சொன்னபடியே சொன்னாள்.

கட்டி என்பது உண்மை. தோல் என்பதும் ஓரளவு உண்மை.

புரட்டாசி 24

எடுத்தாயிற்று. இடப்பக்கம் முழுவதும், அக்குள் நெறிக்கட்டிகளோடு. பக்கவாட்டில் குழாயும் அதன் முனையில் ஒரு குப்பியும். இடக்கை மேலே எழவில்லை.

புரட்டாசி 27

கனவில் கருவறை. நான் பாட வாய் திறக்கிறேன். உலகம்மை குறுக்கே வந்து, “அண்ணே, எண்ணிக்கை எத்தனை?” என்று கேட்கிறாள்.

ஐப்பசி 10

எடுத்த நெறிக்கட்டிகளில் இரண்டில் நோய் இருந்ததாம். கதிர்ச் சிகிச்சை இருபத்தைந்து நாள். அதன் பிறகு ஐந்தாண்டுகள் நாளொன்றுக்கு ஒரு மாத்திரை. பெண்மைச் சுரப்பைத் தடுக்கும் மாத்திரை. என் கட்டி அதை உண்டு வளர்ந்ததாம்.

பிறகு டாக்டர் ஷமீமா நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார்.

“ஐயா, ஆம்பளைக்கு இது வந்தாலே பரம்பரைச் சோதனை ஒண்ணு செய்யச் சொல்லுவோம். ரத்தத்துலதான். சில குடும்பத்துல ஒரு மாற்றம் ஓடும். உங்களுக்கு அது இருந்தா உங்க பொண்ணுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்னாடியே தெரிஞ்சா அவங்களக் காப்பாத்தலாம்.”

“எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றுதான் முன்பே சொன்னேனே அம்மா.”

“சொன்னீங்க. அதனாலதான் திரும்பவும் கேக்கிறேன்.”

வேண்டாம் என்றேன். அப்படியானால் இங்கே ஒரு கையொப்பம் என்று தாளை நீட்டினார். இட்டேன். திருத்தமான எழுத்து.

ஐப்பசி 25

கோயிலுக்குச் சென்றேன். மேலே துண்டைப் போர்த்திக் கட்டியிருந்தேன்.

“என்ன ஓய், மழைக்கே இப்படிப் போத்திண்டா மார்கழிக்கு என்ன பண்ணப் போறீர்? கம்பளியா?” என்றார் குருக்கள். நான் சிரித்தேன். அர்த்த மண்டபத்துக்குள் செல்லாமல் நந்திக்கு இப்பால் நின்றே ஓதினேன். குரல் ஏறவில்லை. மூச்சு இழுத்தால் தையல் இழுக்கிறது.

வீட்டிலும் துண்டோடுதான் இருக்கிறேன். கண்ணாடிக்கு முன் நிற்பதில்லை.

கார்த்திகை 9

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

திருக்கார்த்திகைக்காக மகள் அரசி வந்திருக்கிறாள். பிற்பகலில் வடிவு அகல்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அரசி திரி திரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“என்னப்பா இது? சட்டை போடுன்னு கெஞ்சினாலும் போட மாட்டிய. இப்ப வீட்டுக்குள்ள துண்டப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கிய?”

“குளிர்.”

“எனக்கு வேர்க்குது. உங்களுக்குக் குளிருதா?” சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அப்பா, உங்கள்ட்ட ஒரு சந்தேகம் கேக்கணும். மண்டலம் இருக்கும்போது நடுவுல ஒருநாள் வெளியூர் வந்தா நியமம் கெட்டுப் போகுமா?”

“எந்த மண்டலம்?”

“அதான், நீங்க இருந்தியல்லா, அந்தப் பதிகம். பதினோரு தடவை சொல்லி நீறு பூசுதது. எனக்கும் இங்கன...” இடப்பக்க மார்பருகே விரலை வைத்தாள். “மிளகு அளவுல ஒண்ணு உருளுது. வலி ஒண்ணும் இல்ல. டாக்டர்ட்ட போகத்தான் நெனச்சேன். உங்களுக்குப் பதிகத்துலயே அடங்கிட்டுன்னு அம்மா சொன்னாள்லா, அதான் நானும் ஆரம்பிச்சிருக்கேன். இன்னைக்குப் பதினொண்ணாம் நாள்.”

வடிவின் கையிலிருந்த அகல் கீழே விழுந்து உடைந்தது.

நான் எழுந்தேன். துண்டை எடுத்துக் கீழே போட்டேன்.

அரசி பார்த்தாள். அக்குளிலிருந்து நெஞ்செலும்பு வரை ஓடும் தழும்பையும், தட்டையாகக் கிடக்கும் இடப்பக்கத்தையும், கதிர் கருக்கிய தோலையும் பார்த்தாள்.

“எனக்குப் புற்று அம்மா. மார்பகப் புற்று. பதிகத்தால் அடங்கவில்லை. நாற்பத்தெட்டு நாளில் அது வளர்ந்தது. உன்னிடம் பொய் சொல்லச் சொன்னவன் நான்.”

என்னால் நிறுத்த முடியவில்லை.

“உன் அத்தைக்கும் இதுதான். குடல் நோய் இல்லை. ஒரு பங்குனி மாதம் என்னிடம்தான் முதலில் வந்து சொன்னாள், ‘அண்ணே, ரவிக்கைல ரத்தம் படுது’ என்று. நான் ஒரு மண்டலம் ஓதச் சொன்னேன். ஓதினாள். முடிந்தபோது கட்டி பெரிதாகியிருந்தது. இன்னொரு மண்டலம் ஓதச் சொன்னேன். ஒருநாள்கூடத் தவறவில்லை அவள். மூன்றாவது மண்டலத்தில் இருபதாம் நாள் போய்விட்டாள். உன் தாத்தா வெளியே சொல்லாதே என்றார். நான் ஏட்டில் குடல் நோய் என்று எழுதினேன்.”

அரசி திரியைக் கீழே வைத்தாள்.

“அந்தக் கட்டுத்துணியெல்லாம் மஞ்சத் தண்ணில அலசிப் போட்டது நான்தாம்ப்பா. எனக்கு ஒம்பது வயசு. குடல் புண்ணுக்கு மாருல எதுக்குக் கட்டுன்னு அப்பவே தோணுச்சு. கேட்டா அடிப்பியன்னு கேக்கல. அப்புறம் நீங்க சொன்னதையே நம்பிட்டேன். எங்கப்பா பொய் சொல்ல மாட்டாகன்னு.”

அவள் என்னை அடித்திருந்தாலும் இவ்வளவு வலித்திராது.

“நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போகிறோம்” என்றேன்.

அப்போதும் அவள் என் மகளாகவே கேட்டாள். “நடுவுல விட்டா குத்தம்லாப்பா?”

“குற்றம் இருந்தால் அது என்னுடையது. மீதி முப்பத்தேழு நாட்களை நான் ஓதுகிறேன். நீ டாக்டரிடம் வா.”

வடிவு உடைந்த அகலைப் பெருக்கி எடுத்தாள். மாலையில் மூவரும் விளக்கேற்றினோம். ஒன்று குறைந்திருந்தது.

கார்த்திகை 10

அரசிக்குப் படமும் ஊசிச் சோதனையும் எடுத்தார்கள். அவள் உள்ளே இருந்தபோது டாக்டர் ஷமீமாவின் அறைக்குச் சென்று நின்றேன்.

“அம்மா, அந்தப் படிவத்தில் நான் சொன்னது பொய். இருந்தது. என் உடன்பிறந்த தங்கைக்கு. முப்பத்திரண்டு வயது.”

கோபிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் பழைய தாளை எடுத்து ‘இல்லை’ என்பதை அடித்தார்.

“அவங்க பேர் என்னங்க ஐயா?”

“உலகம்மை.”

முப்பத்தாறு ஆண்டுகளில் அந்த நோயையும் அந்தப் பெயரையும் ஒரே இடத்தில் ஒருவர் எழுதி இன்றுதான் பார்த்தேன். பரம்பரைச் சோதனைக்கு அரசியின் இரத்தத்தோடு என் இரத்தத்தையும் கொடுத்தேன்.

கார்த்திகை 19

அரசிக்கும் அதுவே. ஆனால் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அக்குளில் ஏதும் தென்படவில்லை.

பேருந்தில் வரும்போது அவள் என்னோடு பேசவில்லை. இறங்கும்போது மட்டும், “படி உயரம், பாத்து இறங்குங்க” என்றாள்.

இருபத்தொன்றாம் நாள் ஓதினேன்.

மார்கழி 6

அரசிக்கு அறுவை நடந்தது. நான் வேப்பமரத்தடியில் இருந்து ஓதினேன். நியமத்தின் முப்பத்தேழாம் நாள். முன்பு ஓதியபோது இறைவனை வைத்தியத்துக்குப் பதிலாக நிறுத்தினேன். உள்ளே ஷமீமாவின் கை வேலை செய்ய, வெளியே என் நாவும் அதன் வேலையைச் செய்தது. இது முன்பே புரிந்திருக்க வேண்டியது.

மார்கழி 12

என் இரத்தத்தில் அந்த மாற்றம் இருக்கிறது. அரசியிடமும் இருக்கிறது. என் வழியேதான் அவளுக்குச் சென்றது. மறுபக்கத்தையும் முன்கூட்டியே எடுப்பதா, கண்காணிப்பதா என்பதை அவள் தீர்மானிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

“எம் மகள்ட்ட நானே சொல்லிடுதேன்” என்றாள் அரசி. “வரன் வீட்டுக்காரங்க வேண்டாம்னா போட்டும். அவளுக்கு நான் நாப்பத்தெட்டு நாள் சொல்ல மாட்டேன்.”

அவள் சொன்னதில் எனக்கான அடியும் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

மார்கழி 17

நாற்பத்தெட்டாம் நாள்.

விடியல் பூசைக்குத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன். அர்த்த மண்டபப் படியில் நின்று, பல மாதங்களாகக் கேட்க அஞ்சியதைக் குருக்களிடம் கேட்டேன்: குறைபட்ட உடம்போடு நான் உள்ளே வரலாமா?

அவர் தீபத்தட்டைக் கீழே வைத்துவிட்டு என் மார்பைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் கை காட்டினார்.

“ஓய், நம்ம நந்திக்கு இடக் காது உடைஞ்சு எத்தனை காலம் ஆச்சு? பிரதோஷத்துக்குப் பிரதோஷம் பால் ஊத்தாமயா இருக்கேன்? வாரும் உள்ளே. நாழியாறது.”

நீற்றை மூன்று விரலால் குறுக்கே இட்டேன். வலப்பக்கத்தில் மேடேறி வந்த விரல்கள் இடப்பக்கத்தில் தழும்பின் மேல் சமமாக ஓடின. வந்திருந்தவர்கள் பார்த்தார்கள். பதினொரு முறை ஓதினேன். மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தது, நிறுத்தாமல் பாடினேன்.

வீட்டுக்கு வந்தேன். அரசி அறுவைக் கட்டைப் பிரித்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் இருந்தாள். குடும்பத் திதி ஏட்டை எடுத்து அவள் பார்க்க விரித்தேன். உலகம்மைக்கு நேரே இருந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்:

“மார்பகப் புற்று. நான்கு மாதம் உயிரோடு இருந்தும் மருத்துவரிடம் காட்டப்படவில்லை. காட்டாதவன் அண்ணன் மாசிலாமணி.”

அரசி அதைப் படித்தாள். ஏட்டை மூடி என் கையில் தந்தாள். “இன்னைக்கு மாத்திரை போட்டியளா?” என்றாள்.

போடவில்லை. அவளே எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள்.

இந்த ஏட்டை என்றேனும் கையில் எடுப்பவரே, உமது இல்லத்தில் ஏற்றிய விளக்கு குறைவின்றி எரிவதாக. உம் வீட்டு ஆண்களும் பெண்களும் தம் உடம்பில் கண்ட மாற்றத்தை அன்றே வாய்விட்டுச் சொல்வாராக. கேட்டவர் அன்றே அவரைக் கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வாராக. அதன் பின் ஓதும் ஒவ்வொரு சொல்லுக்கும் அப்பன் செவி சாய்ப்பானாக. உம் குடியும் கிளையும் நோயற்று நீடு வாழ்க.